ஸ்வாலோ பண்ணுங்க சார்

ஸ்வாலோ பண்ணுங்க சார் என்று ஷெர்லின் சொல்வாள், நானும் பண்ணுவேன், அவ்வளவுதான், இதில் யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று எக்ஸ்ரே அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூக்கில் குழாய். இடது துவாரத்தின் வழியாகப் போய்த் தொண்டையை உரசிக்கொண்டு வயிற்றில் இறங்கியிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் காதுப்பக்கமாக வளைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் மூளையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே, ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை போகவில்லை, கால் போகவில்லை, பேச்சும் கரகரப்போடு திரும்பிவிட்டது. போனது விழுங்குகிற வேலை மட்டும். தொண்டையின் வலது பாதி செத்துக் கிடக்கிறது, இடது பாதி தனியாகச் சமாளிக்குமா என்று பார்க்கலாம் என்றார் டாக்டர். இப்போது புரட்டாசி. பார்க்கிற நாள் இன்றுதான். எக்ஸ்ரேயை ஓடவிட்டுக்கொண்டே எனக்கு ஊட்டிப் பார்ப்பார்கள். போகிற பொருள் உணவுக்குழாயில் போனால் மூக்கில் இருப்பதை இன்றே உருவிவிடுவார்கள். மூச்சுக்குழாயில் போனால் திங்கட்கிழமை வயிற்றில் துளை போட்டு அங்கே ஒரு குழாயைச் சொருகுவார்கள், பிறகு அதுதான் எனக்கு வாய். "அதோட ரொம்பப் பேர் நல்லா இருக்காங்க சார்" என்றார் டாக்டர். நல்லா இருக்காங்க என்று யாரைப் பற்றிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் 'உடல்நிலை சீராக உள்ளது' என்று எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த வாரமே அதே ஆளுக்கு 'சிகிச்சை பலனின்றி' என்று ஆரம்பித்திருக்கிறேன். "என்ன, முணுமுணுத்துக்கிட்டே இருக்கிய?" என்று பக்கத்தில் நிற்கிற என் மனைவி கோமதி கேட்கிறாள். ஒண்ணுமில்ல என்கிறேன். "ஒண்ணுமில்லைன்னா வாயை மூடிட்டு இருங்க அத்தான். எச்சி ஒழுகுது." துடைத்துவிடுகிறாள். ஒழுகட்டும். இன்று நான் ஜெயிக்கப்போகிறேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் கண் விழித்தபோதே தெரிந்துவிட்டது, மழை வரப்போகிறது என்று தெரிவதுபோல.

ஸ்வாலோ. ஷெர்லின் பாளையங்கோட்டைப் பெண், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள், ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீஷிலேயேதான் சொல்வாள். அவள்தான் எனக்கு விழுங்கக் கற்றுக்கொடுப்பவள், அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, படித்துவிட்டு வந்திருக்கிறாள். தமிழில் சொன்னால் என்னம்மா என்று ஒருநாள் கேட்டேன். "விழுங்குங்கன்னா எல்லாரும் மாத்திரைன்னு நினைக்காங்க சார். முழுங்குங்கன்னா அதட்டுற மாதிரி இருக்கு. ஸ்வாலோன்னா யாரும் கோவிச்சுக்கிறதில்ல" என்றாள். யோசித்துப் பார்த்தால் சரிதான். நம் வீடுகளில் யாரும் யாரையும் விழுங்கச் சொல்வதில்லை. சாப்பிடச் சொல்வார்கள். காபி சாப்பிடுங்க, மருந்து சாப்பிடுங்க, இன்னும் ரெண்டு தோசை சாப்பிடுங்க. வாய்க்குள் வைத்த பிறகு நடப்பது உன் பாடு. அடம்பிடிக்கிற பிள்ளையிடம் மட்டும் முழுங்குடா என்பார்கள், அதுவும் முதுகில் ஒன்று வைத்துவிட்டு. முப்பது வருஷத்துக்கு மேல் நாளிதழில் ஏஜென்சிச் செய்திகளை மொழிபெயர்த்தவன் நான். இங்கிலீஷ் தந்தி வரும், தமிழில் இறக்கவேண்டும். இந்தச் சொல் வராத வாரம் கிடையாது. கடல் படகை விழுங்கியது. ஆக்கிரமிப்பு குளத்தை விழுங்கியது. பெரிய வங்கி சின்ன வங்கியை விழுங்கியது. அமைச்சர் தன் பேச்சைத் தானே விழுங்கினார் என்று எழுதப்போனேன், செய்தி ஆசிரியர் சூசை அடித்துவிட்டு, "பின்வாங்கினார்னு போடும்வே, வாந்தி எடுத்ததை விழுங்கின மாதிரி இருக்கு" என்றார். மாதத்துக்கொரு குழந்தை காசை விழுங்கும். சிறையில் ஒருவன் பிளேடை விழுங்குவான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பாலத்தின் அடியில் ஸ்வாலோக்கள் கூடு கட்டியிருக்கின்றன என்று வந்த செய்தியை, பாலத்தின் அடியை விழுங்கும் பறவைகள் என்று எழுதிவிட்டான், அது தகைவிலான் என்கிற குருவி என்று தெரியாமல். சூசை அதைச் சத்தம்போட்டு வாசித்தார், "பொதுப்பணித் துறைக்கு இப்பவே தகவல் சொல்லும்வே, பாலம் போச்சு." அன்றைக்கு டெஸ்க் முழுவதும் சிரித்தது. இத்தனையிலும் ஒன்றை இப்போது கவனிக்கிறேன். ஒரு மனிதன் இட்லியை விழுங்கினான் என்று நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. அது செய்தி இல்லை. நடக்கிறவரை எதுவும் செய்தி இல்லை, நின்றால்தான் செய்தி.

நின்றது அடைப்பால்தான், அதற்குமேல் வந்தது என் கழுத்தால் வந்த வினை. அடைப்பு வந்த மறுநாள் கொஞ்சம் தெளிந்துவிட்டது, தாகம், படுக்கைக்குப் பக்கத்தில் டம்ளர். எடுத்தேன், அண்ணாந்தேன், ஊற்றினேன். உதட்டில் படாமல் குடித்தே வளர்ந்த உடம்பு. எங்கள் வீட்டில் வாய் வைத்துக் குடித்தால் அந்த டம்ளர் தனியாக ஒதுக்கப்படும், குடித்தவனும்தான். ஆபீஸில் தண்ணீர் கேனுக்கு மேலே ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர், நாற்பது பேர், நாற்பது பேரும் அண்ணாந்துதான். சூசை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையில் இருக்கிற புரூப்பைப் படிப்பார். ஊரே இப்படித்தான் குடிக்கிறது, பஸ் ஸ்டாண்டில், கல்யாணப் பந்தியில், கோர்ட் வாசலில். அன்றைக்கும் ஊற்றினேன். தண்ணீர் தடங்கலே இல்லாமல் உள்ளே போயிற்று. இருமல் வரவில்லை, புரை ஏறவில்லை, எவ்வளவு சுகமாக இறங்குகிறது என்றுகூட நினைத்தேன். அது நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல், தீவிர சிகிச்சை, நெஞ்சு முழுக்கக் களகளவென்று ஒரு சத்தம். மீண்டு வார்டுக்கு வந்த பிறகுதான் ஷெர்லின் வந்தாள். "அன்னைக்கு எப்படி சார் குடிச்சீங்க?" எல்லாரையும் போலத்தான் என்றேன். "அதான் சார் பிரச்சினை" என்று தலையை நிமிர்த்திக் காட்டினாள். "இப்படி வச்சா மூச்சுக்குழாய் ஆன்னு திறந்துக்கும். நல்ல தொண்டை சமாளிச்சுரும். உங்க தொண்டையில பாதி ஆள் லீவுல இருக்காங்க." இனிமேல் டம்ளரில் வாய் வைக்கவேண்டும். தாடை நெஞ்சில் முட்டவேண்டும். தலை வலப்பக்கம், அதாவது செத்த பக்கமாகவே திரும்பவேண்டும், அப்படித் திருப்பினால் அந்த வழி மடங்கி மூடிக்கொண்டு இடப்பக்கம் திறக்குமாம். பிறகு மூச்சைப் பிடித்து, விழுங்கி, இருமி, இன்னொருமுறை விழுங்கவேண்டும். தினமும் பயிற்சி. எதை விழுங்கி? குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை நாக்கில் தடவுவாள், ஊறுகிற எச்சிலை விழுங்கவேண்டும். அறுபது வருஷம் எச்சில் படக்கூடாது என்று கழுத்தை வானத்துக்குத் தூக்கினவனுக்கு இப்போது எச்சில்தான் பாடம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எரிச்சல் உண்டு, வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் கோமதி சாப்பிடுவதில்தான். என் முன்னால் அவள் சாப்பிடுவதில்லை. எனக்குக் குழாயில் கஞ்சி ஊற்றி முடித்துவிட்டு, துணி காயப்போடப் போகிறேன் என்பாள், போய் லிப்ட் பக்கத்தில் நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவாள். வரும்போது கையில் புளியோதரை மணக்கும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறாள். மூக்கின் ஒரு துவாரம் இன்னும் வேலை செய்கிறது என்பதை மறந்துவிட்டாள்.

கதவு திறக்கிறது. "நமச்சிவாயம் சார், ரெடியா?" ஷெர்லின். ரெடி என்கிறேன், குரலில் ஈரம் இல்லை, எச்சில் குரல்வளையில் தேங்கவில்லை, நல்ல சகுனம். உள்ளே குளிர். கோமதியைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டாக்டரோடு நிறுத்திவிட்டார்கள். ஷெர்லின் கனமான கவசம்போல ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறாள், அவளைவிட அது பெரிதாக இருக்கிறது. என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் இயந்திரத்தைக் கொண்டுவருகிறார்கள். எதிரே ஒரு திரை. திரையில் ஒரு மண்டையோடு. அதன் தாடையில் எனக்கு அடைத்த பல், எனக்குப் பிடுங்கிய பல்லின் இடம். இது என் தலை. ஆள் அடையாளம் தெரியாத சடலத்தைப் பல்லை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன், இவ்வளவு சுலபமாக அடையாளம் தெரியும் என்று நினைக்கவில்லை. "முதல்ல கெட்டியா தாரேன் சார், ஸ்பூன்ல. சுண்ணாம்பு மாதிரி இருக்கும், ருசி பார்க்காதீங்க." வாயில் வைக்கிறாள். ருசி பார்க்கிறேன். சுவர்தான். ஆனாலும் நாக்கின் மேல் ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது, எடை இருக்கிறது, நாக்குக்குத் தெரிகிறது, நாக்கு அதைச் சுற்றி வருகிறது, ஊர் திரும்பினவனைச் சுற்றி வருகிற நாய் மாதிரி. இதை இப்போது உள்ளே தள்ளவேண்டும். தாடை கீழே. வலது பக்கம். "ஸ்வாலோ பண்ணுங்க சார்." பண்ணவில்லை. ஏன் பண்ணவில்லை? சொல் வந்துவிட்டது, அர்த்தம் தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும், ஆனால் அர்த்தம் தொண்டைக்கு இறங்கவில்லை. விழுங்கு என்று எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன், தலைப்புப் போல ஒலிக்கிறது. முழுங்கு என்கிறேன், அம்மா கையை ஓங்குகிறாள். எந்தச் சொல்லும் தசையைத் தொடவில்லை. நாக்கின் பின்விளிம்பில் அந்தச் சுண்ணாம்பு நிற்கிறது, அதற்கு அப்பால் என் அதிகாரம் கிடையாது, அதுதான் பயம், அந்தண்டை போனது எந்த வழியில் போனாலும் கூப்பிட்டால் திரும்பாது. ஆனால் இந்தப் பயத்தை எனக்குத் தெரியுமே. தினமும் ராத்திரி முதல் பக்கத்தை முடித்துவிட்டு அச்சுக்கு அனுப்புகிற நேரத்தில் வருகிற பயம் இது. பெயர் சரியா, எண்ணிக்கை சரியா, செத்தது அண்ணனா தம்பியா, இன்னும் ஒருமுறை பார்க்கலாமா. பார்த்துக்கொண்டே இருந்தால் பேப்பர் வராது. மென்றுகொண்டிருக்கிறவரை திருத்தலாம். அதற்குப் பிறகு அனுப்பவேண்டியதுதான். சூசை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்பார், அண்ணாச்சி விட்டிரவா என்று கீழே அச்சுக்கூடத்திலிருந்து கேட்பார்கள், அவர் கையை ஒரு வீசு வீசுவார். விடும்வே. விட்டேன். தொண்டை ஒரு குதி குதித்தது. வெள்ளைச் சுண்ணாம்பு எக்ஸ்ரேயில் கறுப்பாகத்தான் தெரியுமாம், திரையில் மைபோல ஒரு கட்டி, நாக்கை விட்டு நழுவி, எலும்புகளுக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு, கீழே, இன்னும் கீழே, போயே போய்விட்டது. "சூப்பர் சார். மிச்சம் கொஞ்சம் ஓரத்தில ஒட்டியிருக்கு. இன்னொரு தடவை." பண்ணினேன். மிச்சமும் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கோமதி டாக்டரிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார்.

இரண்டாவது கொஞ்சம் தளர்த்தி, கூழ்போல. அதையும் அனுப்பினேன். கை தட்டத் தோன்றியது, கை தட்டுகிற வயசா என்றும் தோன்றியது. மூன்றாவதாகத் தண்ணீர். "இதுதான் சார் கஷ்டம். தண்ணிக்கு அவசரம் ஜாஸ்தி. நீங்க ரெடியாறதுக்குள்ள ஓடிரும். டம்ளரை நீங்களே பிடிங்க." பிடித்தேன். வெள்ளைக் கலங்கலாக ஒரு மடக்குத் தண்ணீர். டம்ளர் கைக்கு வந்த மறுநிமிஷம் கழுத்து மேலே போகிறது. நான் தூக்கவில்லை, அதுவே போகிறது. அறுபது வருஷத்து மரியாதை, சுத்தம், வளர்ப்பு எல்லாம் பிடரியைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கின்றன. "சார், தாடை, தாடை!" தெரியும் ஷெர்லின். என் கழுத்தோடு நானே மல்லுக்கட்டி இறக்குகிறேன், முரட்டுக் காளையை நுகத்துக்குக் குனியவைப்பதுபோல. உதட்டை விளிம்பில் வைக்கிறேன். எவர்சில்வர் குளிர்ந்திருக்கிறது. எத்தனை பேர் வாய் வைத்ததோ, வைத்துவிட்டுப் போகட்டும், அவர்களும் பிழைக்கத்தானே வைத்தார்கள். தண்ணீர் உள்ளே வந்தது. வலது பக்கம். மூச்சைப் பிடி. விடு. திரையில் கறுப்புக் கோடு சாட்டைபோலச் சீறி இறங்குகிறது, அதில் ஒரு நூல் பிரிந்து முன்பக்கமாக, மூச்சுக்குழாயின் வாசலுக்குப் போகிறது. பார்க்கிறேன். என் கண்ணெதிரே போகிறது. தொண்டையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, வலி இல்லை, கூச்சம் இல்லை, அன்றைக்குப் போலவே சுகம், திரை மட்டும் காட்டிக்கொடுக்கிறது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டாக்டர் முன்னால் குனிகிறார். திங்கட்கிழமை. வயிற்றில் துளை. ரொம்பப் பேர் நல்லா இருக்காங்க. "இருமுங்க சார்! இப்ப!" இருமினேன். கரகரத்துப் போன குரலில் இருக்கிற கோபத்தையெல்லாம் திரட்டி இருமினேன். அந்த நூல் வாசலில் ஆடிற்று, எட்டிப் பார்த்தது, மேலே துள்ளி வந்தது. "விழுங்குங்க!" அவள் தமிழில் கத்திவிட்டாள். விழுங்கினேன். நூல் திரும்பிப் பின்பக்க வழியில் சேர்ந்து இறங்கிப்போயிற்று. "ஆ சொல்லுங்க சார்." ஆ என்றேன். உலர்ந்த, கரடுமுரடான, சுத்தமான ஆ. மைக்கில் டாக்டர் குரல் வந்தது. "இன்னொரு தடவை பார்த்துருவோம் ஷெர்லின்." இன்னொரு தடவை பார்த்தார்கள். இந்தமுறை கழுத்து என்னைக் கேட்காமல் எங்கும் போகவில்லை. கறுப்புக் கோடு முழுசாக, பிரியாமல், நேராக. அதற்குப் பிறகும் ஒருமுறை. அதுவும் நேராக. நாலாவது தடவை அவர்கள் சொல்லுமுன் நானே டம்ளரை நீட்டினேன், "போதும் சார், வயித்துல வெள்ளையடிச்சுரப் போறோம்" என்று ஷெர்லின் பிடுங்கிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்து கோமதியிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. நோயாளி பக்கத்தில் இருந்தாலும் சேதி உறவினருக்குத்தான். டியூபை எடுத்துரலாம்மா, துளையெல்லாம் வேண்டாம், ஆனா தண்ணி எப்பவும் ஷெர்லின் சொன்ன மாதிரிதான், அண்ணாந்து குடிக்கிறதை மட்டும் இந்த ஜென்மத்துக்கு மறந்துரணும். கோமதி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "முகத்தை ஒழுங்கா வைங்க, பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கிய" என்றாள், சொல்லும்போதே அவளுக்கு மூக்கு சிவந்தது, முந்தானையை எடுத்து எனக்குத் துடைப்பதுபோலத் தன்னைத் துடைத்துக்கொண்டாள். வார்டில் வைத்துப் பிளாஸ்திரியைப் பிரித்து, மூச்சை அடக்கச் சொல்லி, நர்ஸ் ஒரே இழுப்பாக இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமா எனக்குள் இருந்தாய் என்று அதைப் பார்த்தேன். வெளியே வந்தபின் அது ஒன்றுமில்லை, ஒரு அழுக்குக் குழாய், குப்பைக் கூடையில் சுருண்டு கிடந்தது. மூக்கு இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. டெட்டால், பினாயில், பக்கத்துக் கட்டிலில் உரிக்கிற ஆரஞ்சு, யாரோ ஒருவர் டிபன்பாக்ஸில் சாம்பார், எல்லாம் ஒரே கூட்டமாக உள்ளே புகுந்தன, நான் தடுக்கவில்லை. ஷெர்லின் கேன்டீனிலிருந்து இரண்டு இட்லி வரவழைத்தாள், சாம்பாரை ஊற்றி விரலால் நசுக்கி, கட்டி இல்லாமல் குழைத்து, கிண்ணத்தைக் கோமதியிடம் கொடுத்தாள். "நீங்க குடுங்க ஆன்ட்டி. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்." கோமதி கரண்டியில் அள்ளினதில் பாதியைக் கிண்ணத்திலேயே வழித்துவிட்டாள். இத்தனை நாளாகக் குழாயில் ஊற்றினவள், ஒருநாளும் தயங்கினதில்லை. "பயமா இருக்கு அத்தான்" என்றாள் மெதுவாக. எனக்கு இல்லை என்றேன், பொய் இல்லை. வாய் திறந்தேன். உப்பு முதலில் வந்தது, பிறகு பருப்பு, பிறகு எங்கிருந்தோ பெருங்காயம், அரிசியின் லேசான புளிப்பு, சூடு. சூட்டைத்தான் மறந்துபோயிருந்தேன், குழாய்க்குச் சூடு கிடையாது. நாக்கு அதை விடமாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் நின்றது, மிளகாயாக இருக்கலாம். தாடை கீழே, வலது பக்கம், யாரும் சொல்லவில்லை, எந்த மொழியிலும் யாரும் சொல்லவில்லை. இறங்கிற்று. இருமினேன், மறுபடி விழுங்கினேன், ஷெர்லின் கேட்கும் முன்பே ஆ என்றேன், வார்டு முழுக்கக் கேட்டது, பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "மெதுவா, மெதுவா" என்கிறாள் கோமதி, "இட்லி எங்கேயும் ஓடிப் போயிராது." ஓடினாலும் இனிமேல் பிடித்துவிடுவேன். கரண்டி கிண்ணத்துக்குள்ளேயே நிற்கிறது, அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தொண்டையை என்னத்தப் பார்க்க," என்றேன். "இன்னொரு வாய் வை."